கமலாவின் நட்சத்திரத்தைக் கேட்கப் போனேன்

1957-ஆம் ஆண்டு ஜூலை 12, வெள்ளிக்கிழமை. ஆனி மாதத்தின் கடைசி வெள்ளி. ஐந்து மணிக்கு எழுந்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். விளக்கேற்றினேன். என் கணவர் லாரி ஓட்டுபவர். காப்பி குடித்துவிட்டு இருட்டு விலகும் முன் கிளம்பிவிட்டார். மகள் சரோஜாவுக்குத் தலை பின்னினேன். அன்று பள்ளியில் ஒத்திகை. அதனால் வழக்கத்தில் இல்லாத ஒரு வேலையும் இருந்தது. முதல் நாள் வாங்கி வைத்த சிவப்புக் கண்ணாடி வளையல்களைச் சோப்பு தடவி அவளுடைய இரண்டு கைகளிலும் ஏற்றிவிட்டேன். அவள் போன பிறகு தையல் மிஷினில் உட்கார்ந்தேன். சிவப்பு ரவிக்கை ஒன்று பாதியில் இருந்தது.

அன்று காலையைப் பற்றி என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்தவற்றை மறுநாள்தான் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு வரும் சகோதரிகள் இதை எழுதித் தரும்படி பலமுறை கேட்டார்கள். எனக்கு அலங்காரமாக எழுத வராது. அம்மனிடம் என்ன கேட்டேன், என்ன கிடைத்தது, நடுவில் என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒத்திகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் மெர்டேக்கா, மலாயாவுக்குச் சுதந்திரம். டவுன் முழுவதும் அதே பேச்சு. சரோஜா படிக்கும் ஆங்கிலப் பெண்கள் பள்ளியில் ஊர்வலத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். ஒரு மலாய்ப் பெண், ஒரு சீனப் பெண், ஒரு இந்தியப் பெண், மூவரும் அவரவர் உடையில் முன்னால் நடக்க வேண்டும். இந்தியப் பெண் பட்டுச் சேலை கட்டிப் பித்தளை விளக்கு ஏந்த வேண்டும். வகுப்பு டீச்சர் சரோஜாவைத் தேர்ந்தெடுத்திருந்தார். மிஷினில் இருந்த ரவிக்கை அதற்குத்தான்.

பகல் ஒன்றரை மணிக்கு சரோஜா வீட்டுக்கு வந்தாள். வழக்கமாகத் தோழிகளோடு வருவாள். அன்று தனியாக வந்தாள். மூக்கு வீங்கியிருந்தது. மேலுதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. ஒரு பின்னல் அவிழ்ந்து தொங்கியது. இடது கை வளையல்கள் அப்படியே இருந்தன. வலது கையில் ஒன்றுகூட இல்லை. மணிக்கட்டில் கீறல்கள்.

“விழுந்துட்டியா?” என்றேன்.

“இல்ல.”

“யாரு அடிச்சா?”

“நான்தான் மொதல்ல அடிச்சேன்,” என்றாள்.

கேட்டுக் கேட்டு வாங்கிய விவரம் இது. ஒத்திகை தொடங்கும்போது டீச்சர் ஆளை மாற்றியிருக்கிறார். சரோஜா குள்ளம், கூட்டத்தில் தெரியமாட்டாள் என்று, உயரமான கமலாவை விளக்கு ஏந்தச் சொல்லியிருக்கிறார். கமலா கம்போங் செட்டிப் பெண். எங்கள் வீட்டிலிருந்து கம்போங் செட்டிக் குடியிருப்பு நடக்கிற தூரம்தான். அங்கே இருப்பவர்கள் நம்மைப் போல அம்மனைக் கும்பிடுகிறவர்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன்பே மலாக்காவுக்கு வந்துவிட்டவர்கள். வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் அணிவது மலாய்ப் பெண்களைப் போலச் சாரோங் கெபாயா. நாங்கள் குருபோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த குடும்பம். ஒரே வட்டாரத்தில் இருந்தும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை.

ஒத்திகை முடிந்து பள்ளியின் பின்புறம் தண்ணீர்க் குழாயடியில் பேச்சு முற்றியிருக்கிறது. “தமிழே பேசத் தெரியாது, நீ எப்படிடி இந்தியப் பொண்ணு? போயி சாரோங் கட்டு. சேலையத் தொடாதே,” என்று சரோஜா சொல்லியிருக்கிறாள். கமலா மலாயில் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். “நாங்க இந்த ஊரு ஆளு. நீங்க நேத்து கப்பல்லருந்து எறங்கின எஸ்டேட்டு ஆளு.” சுற்றி நின்ற பெண்கள் ஓவென்று கத்தியிருக்கிறார்கள். சரோஜா கன்னத்தில் அறைய, கமலா பின்னலைப் பிடித்து இழுத்து முழங்கையால் மூக்கில் இடிக்க, சரோஜா வளையல் போட்ட கையை மறுபடி ஓங்க, வளையல்கள் கமலாவின் நெற்றியில் பட்டு நொறுங்கியிருக்கின்றன. ஒரு துண்டு கண்ணுக்குள் போய்விட்டது.

டீச்சர் கமலாவைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். இதைச் சொல்லி முடித்தபோதும் சரோஜா அழவில்லை. “அந்த வெளக்கு எனக்குத்தான் தர்றதா சொன்னாங்க,” என்று மட்டும் சொன்னாள்.

மிஷினை மூடிவிட்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கமலா கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் அவள் தாயார் உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று டீச்சர் சொன்னதும் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணாடித் துண்டை எடுத்தாகிவிட்டது என்றும், கண்மணிக்கு மேல் கீறல் விழுந்திருக்கிறது என்றும், அடுத்த வெள்ளிக்கிழமை கட்டைப் பிரித்தால்தான் பார்வை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும் என்றும் டாக்டர் சொன்னதை நர்ஸ் எனக்கு விளக்கினாள். அதற்கு மேல் அங்கே எனக்கு வேலை இல்லை. வந்துவிட்டேன்.

அன்றைக்கு என் மனம் எப்படி இருந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பயமாக இருந்தது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஒரு கண் போனால் அது போனதுதான். பள்ளி தரும் தண்டனை முடிந்துவிடும். என் மகளின் மூக்கு வீக்கம் வடிந்துவிடும். அது மட்டும் மாறாது. ஒரு ஊர்வலத்தில் யார் விளக்குப் பிடிப்பது என்பதற்காக நடந்தது அது. என்னால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. வேண்டிக்கொள்ளலாம். அதுதான் இருந்தது.

மாலையில் குளித்துவிட்டு, தேங்காய் பழத் தட்டோடு அம்மன் கோயிலுக்குப் போனேன். வெள்ளிக்கிழமைக் கூட்டம். பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு, “யாரு பேருக்கும்மா?” என்றார்.

“சரோஜா. உத்திராடம், மகர ராசி,” என்றேன்.

மணி அடித்தது. கற்பூரம் காட்டினார்கள். குங்குமம் கையில் விழுந்த பிறகுதான் நான் செய்த காரியம் எனக்குத் தெரிந்தது. ஆபத்தில் இருப்பது கமலாவின் கண். அர்ச்சனை நடந்தது என் மகள் பேருக்கு. சரோஜா பிறந்ததிலிருந்து அந்த இடத்தில் நின்று சொல்லிவருகிற வார்த்தைகள். கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கூட்டம் குறையும் வரை நின்று மறுபடி போனேன்.

“சாமி, இன்னொரு அர்ச்சனை. கமலான்னு ஒரு புள்ள. கண்ணுல அடி பட்டிருக்கு.”

“நட்சத்திரம்?”

“தெரியல.”

“அதனால என்னம்மா, சாமி பேருக்கே பண்ணிடுவோம். அம்மாளுக்குத் தெரியாததா?”

அவர் சொன்னது சரி. வழக்கமும் அதுதான். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அளவெடுக்காமல் நான் துணியில் கத்தரி வைப்பதில்லை. யாருக்கு என்று முழுதாகச் சொல்லாமல் வேண்டிக்கொள்ளவும் எனக்கு வராது. நட்சத்திரம் சொல்லாமல் கமலா என்று மட்டும் சொன்னால், இந்த மலாக்காவில் எத்தனை கமலா?

“வேண்டாம் சாமி. கேட்டுட்டு வர்றேன்.”

“யாருகிட்ட?”

“அவங்க அம்மாகிட்டதான்.”

பூசாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சண்டைச் செய்தி அதற்குள் கோயில் வரை வந்திருந்தது. “பாத்துப் போங்கம்மா,” என்றார். அந்தப் பெண்ணின் கண் தெளிந்தால் வெள்ளியில் கண்மலர் செய்து சாத்துவதாக அம்மன் முன்னால் சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு நட்சத்திரம் தேவைப்படவில்லை. அது என் வாக்கு.

சனிக்கிழமை என் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அங்கல்லாம் போயி நிக்காத. ஒன்னு கெடக்க ஒன்னு ஆயிடும். ஸ்கூல்ல பாத்துக்குவாங்க.”

“ஸ்கூல்ல நட்சத்திரம் சொல்லுவாங்களா?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அன்று பிற்பகல் சரோஜாவின் தோழிகள் மூன்று பேர் அவளைப் பார்க்க வந்தார்கள். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து பேசினார்கள். நான் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். இவர்களில் ராணி என்பவள்தான் அதிகம் பேசுகிறவள்.

“சரோ குடுத்தா பாரு ஒன்னு! செட்டிப் பொண்ணு அப்டியே கொழாயடியில ஒக்காந்துட்டா.”

“இனிமே சேலையத் தொடுவாளா?”

“ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு எப்டி வெளக்கு புடிப்பா? சடக்கு தெரியாம லோங்கான்ல போயி விழுவா, வெளக்கோட!”

மூவரும் சிரித்தார்கள். ஒருத்தி எழுந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, சாலையோரச் சாக்கடையில் விழுவதுபோல நடந்து காட்டினாள். நன்றாகத்தான் நடித்தாள். சரோஜா இடது கையில் மிச்சமிருந்த வளையல்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“எந்திரிங்க. வீட்டுக்குப் போங்க,” என்றேன்.

“சும்மா வெளையாட்டுக்குத்தான் அத்தை.”

“போயிட்டு அப்புறம் வாங்க.”

அவர்கள் போன பிறகு சரோஜாவிடம் கேட்டேன். “எல்லாரும் சிரிச்சாங்க. நீ ஏன் சிரிக்கல?”

“மூக்கு வலிக்குது.”

“அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேப்பியா?”

“அவ கேக்கட்டும். அப்புறம் நான் கேக்குறேன்.”

அவ்வளவுதான். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. சிறிது நேரம் கழித்துப் பார்த்தபோது, இடது கை வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மிஷின் மேல் வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் கம்போங் செட்டிக்குப் போனேன். வெறுங்கையாகப் போகக் கூடாது என்று வெற்றிலையும் பூவும் எடுத்துப் போனேன். வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். வாசலில் ஒரு குடும்பமே நின்றிருந்தது. கமலாவின் தாயார், அவர் கணவர், வயதான ஒருவர், சில பிள்ளைகள். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. என்னைப் பார்த்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒருவரும் பேசவில்லை. ஒருவரும் கதவைத் திறக்கவில்லை.

நான் வருவது தெரிந்துதான் கதவைச் சாத்திவிட்டு நிற்கிறார்கள் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது? கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பினேன்.

“நில்லுங்க. இப்ப போகக் கூடாது,” என்று கமலாவின் தாயார் தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் பேசியது மலாயில். இனி அவர் சொன்னதையெல்லாம் நான் தமிழில் எழுதுகிறேன். “உள்ளே பெரியவங்க சாப்பிடுறாங்க.”

அப்போதுதான் கதவு இடுக்கிலிருந்து சாம்பிராணிப் புகை வருவதைக் கவனித்தேன். வருடத்தின் நடுவில், பழக் காலத்தில், இறந்துபோன முன்னோருக்குச் சோறும் பழமும் இலை போட்டுப் படைப்பது அவர்கள் வழக்கம். படைத்தபின் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியில் வந்துவிடுவார்கள். முன்னோர் உண்டு முடியும் வரை யாரும் உள்ளே போகக் கூடாது, பேசவும் கூடாது. அந்த நேரத்தில் வாசலுக்கு வந்தவர் திரும்பிப் போவதும் அந்த வீட்டில் கூடாது. தோட்டத்தில் எங்கள் வீட்டிலும் படையல் போட்டால் கதவைச் சாத்துவோம். தெரிந்த வழக்கம்தான். ஆனால் சாத்திய கதவைப் பார்த்ததும் எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

ஆகவே நின்றேன். என் முகத்தைப் பார்க்க மறுத்த பெண்ணுக்குப் பக்கத்தில், அவர் தோளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றேன். பேசக் கூடாது என்பதால் பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. அவர் கை கூப்பியிருந்தார். என்ன கேட்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். அவர் தன் முன்னோரிடம் கேட்டதும் நான் அம்மனிடம் கேட்க வந்ததும் ஒன்றே. வெயில் ஏறியது. நானும் கை கூப்பிக்கொண்டேன்.

பிறகு அந்த வயதானவர் கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார். என்னையும் உள்ளே வரச் சொன்னார்கள். படைத்த உணவை அந்த நேரத்தில் வந்தவருக்குக் கொடுக்காமல் அனுப்பக் கூடாதாம். கமலாவின் தாயார் எனக்கு இலை போட்டார். சோறு வைத்தார். மங்குஸ்தான் பழங்களை வைத்தார். கோபமாகத்தான் வைத்தார், பழம் இலையை விட்டு உருண்டு ஓடியது. அவரே எடுத்து மறுபடி வைத்தார்.

“எதுக்கு வந்தீங்க?” என்றார்.

“கமலாவோட நட்சத்திரம் கேக்க வந்தேன். அவ பேருக்கு அர்ச்சனை பண்ணணும். பேரு தெரியும், நட்சத்திரம் தெரியல.”

அவர் என் எதிரில் உட்கார்ந்தார்.

“போலீஸ்ல சொல்ல வேணாம்னு கேக்க வந்தீங்கன்னு நெனச்சேன்.”

“அது உங்க இஷ்டம். எனக்கு நட்சத்திரம் வேணும்.”

அவருக்குத் தெரியவில்லை. கணவரைப் பார்த்தார்; அவருக்கும் தெரியவில்லை. அதையெல்லாம் கணித்து வைத்திருந்த மாமியார் இறந்துவிட்டாராம். சரி, பிறந்த நாளாவது தெரியுமா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“நாளை எப்படி மறப்பேன்? தைப்பூசத்தன்னைக்குப் பிறந்தா. ஜப்பான்காரன் மலாக்காவுக்குள்ள வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அந்த வருஷம் காவடி கிடையாது, மேளம் கிடையாது. வெளியில பூட்ஸ் சத்தம். நான் கத்திடக் கூடாதுன்னு வாயில துணியை வெச்சாங்க. பிள்ளை அழுதிடக் கூடாதேன்னு எல்லாரும் பயந்தாங்க. அவ அழவே இல்ல. கண்ணை மட்டும் திறந்து பார்த்தா.”

அதைச் சொன்னதும் அவர் அழுதார். நான் அவருடைய கையைப் பிடிக்கவில்லை. என் கை எச்சிலாக இருந்தது. அவர் அழுது முடிக்கும் வரை இருந்தேன்.

“தைப்பூசம்னா பூச நட்சத்திரம்தான். கடக ராசி,” என்றேன்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“இதுக்குத்தான் வெயில்ல வந்து நின்னீங்களா?”

“ஆமாம்.”

நான் புறப்படும்போது வாசல் வரை வந்தார். மங்குஸ்தான் பழங்களை ஒரு துணியில் கட்டிக் கொடுத்தார். “உங்களைப் பார்த்தா கமலா ஒன்னு கேக்கச் சொன்னா,” என்றார். “சரோவை அவங்க அம்மா அடிச்சாங்களான்னு கேக்கணுமாம். நல்லா அடிச்சாங்களான்னு.”

“அடிக்கலையே.”

அவர் சிறிது யோசித்தார். “அதை அவகிட்ட சொல்ல மாட்டேன்,” என்றார். முதல் முறையாக அவர் முகம் இளகியது அப்போதுதான்.

அன்று மாலையே கோயிலுக்குப் போனேன். “கமலா. பூச நட்சத்திரம், கடக ராசி,” என்றேன். பூசாரி ஒன்றும் கேட்காமல் சங்கல்பம் சொன்னார். அந்தப் பெயரை அவர் சொல்லக் கேட்டபோது, அந்த மூன்று நாளில் முதல் தடவையாக எனக்கு மூச்சு சீராக வந்தது. கண் தெரியும் என்று அப்போதே நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். கேட்க வேண்டிய முறையில் கேட்டாகிவிட்டது என்று தோன்றியது.

வீட்டில் சரோஜா மங்குஸ்தானைத் தொடவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ஜப்பான் காலம், வாயில் வைத்த துணி, பூச நட்சத்திரம், எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டிருந்தாள். கமலா கேட்டு அனுப்பிய கேள்வியையும் சொன்னேன்.

“நீங்க என்னம்மா சொன்னீங்க?”

“அடிக்கலன்னு சொன்னேன்.”

“ஏம்மா? அடிச்சேன்னு சொல்லியிருக்கலாம்ல. அவளுக்கு ஆறுதலா இருந்திருக்கும்.”

இதைக் கோபமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். சண்டை நடந்த பிறகு அவள் முதன்முதலாக அழுதது அன்றுதான். அழுது முடித்ததும் ஒரு பழத்தை எடுத்து உடைத்தாள்.

ஜூலை 19, ஆடி முதல் வெள்ளி. சரோஜாவைப் பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். காலையில் நான் கோயிலுக்குக் கிளம்பியபோது அவளும் குளித்துவிட்டு வந்து நின்றாள். நான் கூப்பிடவில்லை. சன்னிதியில் பூசாரி, “யாரு பேருக்கு?” என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன், “கமலா, பூசம், கடக ராசி,” என்று அவள் சொன்னாள். பூசாரி அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பெயரைச் சொல்லிப் பூவைப் போட்டார்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் வாசலிலேயே நின்றுவிட்டோம். கமலாவின் தாயார் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அடிபடாத கண்ணை நர்ஸ் கையால் மறைத்தாள். அடிபட்ட கண்ணைத் திறக்கச் சொன்னார்கள். அது சிவந்திருந்தது, தண்ணீர் வழிந்தது. கமலா பல தடவை இமைத்தாள். என்ன தெரிகிறது என்று டாக்டர் கேட்டார். மறுபடி கேட்டார்.

கமலா கையை நீட்டி வாசலைக் காட்டினாள்.

“இத்து சரோ,” என்றாள். “இடோங் டியா லாகி பெங்காக்.”

அதோ சரோ. அவள் மூக்கு இன்னும் வீங்கியிருக்கிறது.

கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு வார்டின் அகலம் இருந்தது. சரோஜாவின் மூக்கில் மிச்சமிருந்த வீக்கம் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகத் தெரியாத அளவுதான். டாக்டர் சிரித்தார். கமலாவின் தாயார் கம்பியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“மொதல்ல ஒன்னோட மொகத்தக் கண்ணாடியில போயி பாரு,” என்று சரோஜா வாசலிலிருந்து தமிழில் சொன்னாள். கமலாவுக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறாள் என்று அவள் மலாயில் கேட்க, சரோஜா கட்டிலுக்குப் பக்கத்தில் போய் அதையே மலாயில் சொன்னாள். பிறகு இருவரும் மெதுவாக என்னவோ பேசினார்கள். அது எனக்குக் கேட்கவில்லை. மன்னிப்பு யார் முதலில் கேட்டார்கள் என்று நானும் இதுவரை கேட்கவில்லை.

அன்று மாலையே கண்மலருக்குப் பத்தரிடம் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு தாய்களும் இரண்டு பெண்களும் சேர்ந்து போய் அம்மனுக்குச் சாத்தினோம்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கமலாவின் புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. பார்வையில் குறை இல்லை. பள்ளியில் இருவரையும் ஊர்வலத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். ஒரு பஞ்சாபிப் பெண் சேலை கட்டிக்கொண்டு விளக்கு ஏந்தினாள். அந்தச் சிவப்பு ரவிக்கையைப் பிரித்து அவள் அளவுக்குத் தைத்துக் கொடுத்தவளும் நான்தான். இவர்கள் இருவரும் சாலையோரத்தில் நின்று பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்கு விளக்கை நேராகப் பிடிக்கத் தெரியவில்லை என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. உயிர்த்தோழிகள் ஆகிவிட்டார்கள் என்று நான் எழுதினால் அது பொய். இன்றும் வாய்ச்சண்டை உண்டு. ஆனால் சேர்ந்துதான் வீட்டுக்கு வருகிறார்கள். ராணியும் மற்றப் பெண்களும் செட்டிப் பொண்ணு என்று கேலியாகத் தொடங்கினால் சரோஜா எழுந்து போய்விடுகிறாள்.

வைத்தியம் செய்தது டாக்டர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டைப் பிரித்தால்தான் தெரியும் என்று அந்த டாக்டரே சொன்ன ஒரு இடம் இருந்தது. அவர் கை எட்டாத இடம். அந்த இடத்தை அம்மனிடம் ஒப்படைத்தேன். அம்மன் கை விடவில்லை. நான் கேட்டது ஒரு கண். அவள் கொடுத்தது அதற்கும் மேலே.

அதற்குப் பிறகு என் வழிபாட்டில் ஒரு மாற்றம் உண்டு. யாருக்காக வேண்டினாலும் அவர்களிடம் போய்ப் பேரும் நட்சத்திரமும் கேட்டு வாங்குகிறேன். பிடிக்காதவர்கள் என்றால் கட்டாயம் போகிறேன். சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளுக்குள் சண்டை வரலாம், அண்டை வீட்டாரோடு பகை வரலாம். அவர்களுக்காகவும் அர்ச்சனை செய்யுங்கள். ‘சாமி பேருக்கு’ என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். போய்க் கதவைத் தட்டிக் கேளுங்கள். கதவு சாத்தியிருந்தாலும் கொஞ்சம் நில்லுங்கள். அம்மனை நம்பி நின்ற எனக்கு அது திறந்தது. உங்களுக்கும் திறக்கும்.

கட்டைப் பிரித்த மறுநாள், ஜூலை 20, சனிக்கிழமை. வழக்கம்போல் எழுந்து, வாசல் தெளிக்க வாளியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். கமலாவின் தாயார் வெளியில் நின்றிருந்தார். குளித்து, கெபாயா அணிந்து, கையில் பூத்தட்டோடு இருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, கதவைத் தட்டவில்லை.

“அக்கா, எங்க கோயிலுக்குப் போறேன்,” என்றார். “சரோவோட நட்சத்திரம் என்ன?”

வாளியைக் கீழே வைத்தேன்.

“உத்திராடம். மகர ராசி.”

“உத்ராட.”

“உத்திராடம்.”

“உத்திராடம்,” என்றார். அதை மறந்துவிடாமல் இருக்க, சொல்லிக்கொண்டே சடக்கைக் கடந்து போனார். அவர் திருப்பத்தில் மறையும் வரை பார்த்துவிட்டு, வாசல் தெளித்தேன்.